சங்கப் பணம் 2 லட்சம்: ராத்திரி ஆட்டோவா, முட்டையா?

மேல்டிவிஷன் பொடியன்:
தீபாவளிக்கு வந்த கொழும்புப் பிள்ளைகள் கொடுத்ததோடு சேர்த்து, நம் தேயிலைத் தோட்டத்து வாலிபர் சங்கத்தில் 2 லட்சம் ரூபா இருக்கிறது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும்தான் செலவு என்று முடிவாகிவிட்டது. பிரசவ அவசரத்துக்கு ஓர் ஆட்டோவை ஒழுங்கு செய்து வைப்பதா, பிள்ளைத்தாச்சிகளுக்கு முட்டை, பருப்பு கொடுப்பதா? நான் ஆட்டோ பக்கம். போன மாசம் தங்கச்சிக்கு ராத்திரி வலி வந்து, கொழுந்து லொறியில் சாக்கு விரித்துத்தான் கொண்டுபோனோம்.

பழைய கணக்கப்பிள்ளை:
தம்பி, 1990 என்ற நம்பருக்கு அடித்தால் ஆம்புலன்ஸ் காசில்லாமல் வருகிறது. இலங்கையில் 100 பிரசவத்தில் 99க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. 2030க்குள் ஒரு லட்சம் பிறப்புக்கு 70 தாய் மரணத்துக்குக் கீழே இறங்கவேண்டும் என்பது உலகத்துக்கு வைத்த இலக்கு. நாம் எப்போதோ 40க்கும் கீழே வந்தாயிற்று. முட்டையும் வேண்டாம், அரசாங்கத்தின் சத்துமா திரிபோஷா கொடுக்கிறார்களே. சம்பளத்தன்று அப்பன் சாராயக் கடையில் நின்றால் எந்தச் சங்கம் வந்து என்ன செய்யும்?

பதுளைக்காரி:
நாட்டுக் கணக்கைக் காட்டி நம் தோட்டத்து லயன் வீடுகளை மறைக்காதீங்க அண்ணே. 2016இல் அரசாங்கமே எடுத்த ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டத்தில் 31.7. சாராயக் கடை டவுனில் இல்லையா? அங்கே மட்டும் பிள்ளை எப்படி வளர்கிறது? இந்தக் குறை வயிற்றில் இருக்கும்போதே தொடங்குகிறது. என் வோட்டு முட்டைக்கு.

மேல்டிவிஷன் பொடியன்:
1990க்கு அடிக்கத் தண்ணி டாங்கி மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். அன்றைக்கும் ஆம்புலன்ஸ் வந்தது, மெயின் ரோட்டில் நின்றது. அதுவரைக்கும் யார் தூக்குவது?

கிளினிக் மிஸ்:
வேறொரு தோட்டத்தில் மிட்வைஃப் வேலை செய்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். கொழுந்து நிறைய வரும் மாசங்களில் கிளினிக்குக்குப் பாதித் தாய்மார்தான் வருவார்கள், வந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். போன கிழமை ஒரு பிள்ளைத்தாச்சியின் பையில் இரும்பு மாத்திரை அட்டை உடைக்காமலே இருந்தது. ஏன் என்று கேட்டேன். "குமட்டுது மிஸ், மலையில வாந்தி எடுத்துக்கிட்டு நின்னா கொழுந்து கிலோ கொறையுமே" என்றாள். மாத்திரை போடுகிறவர்களும் பிளேன்டீயோடுதான் விழுங்குகிறார்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது, பறிக்கிற தேயிலையே! திரிபோஷா பாக்கெட் தாய் பேரில்தான் வருகிறது, தின்பதோ வீடே சேர்ந்து. முட்டைக்கும் அதே கதி வரலாம். கிளினிக் நாளுக்கு அந்தப் பேர்க் காசைக் கொடுங்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:
அப்போ கம்பெனி எதற்கு? தோட்டத்து ஆளுக்கு வைத்தியம் தோட்டத்தை நடத்தும் துரைமார் பொறுப்பு என்று 1912லேயே சட்டம் போட்டார்கள். பிரசவ லீவு 84 நாள் சட்டத்தில் இருக்கிறது. கிளினிக் நாளுக்கும் பேர் போடு என்று கேட்டு வாங்குவதை விட்டு, நாமே காசு கொடுத்தால் அவன் காலை நீட்டிப் படுத்துக்கொள்வான். நான் செக்ரோல் என்ற வரவுப் புத்தகத்தில் பேர் எழுதினவன், எனக்குத் தெரியும்.

பதுளைக்காரி:
கேட்க வேண்டாம் என்று யார் சொன்னது? வயிற்றுப் பிள்ளைக்குப் பத்து மாசம்தான் கணக்கு. உங்கள் பேச்சுவார்த்தை எத்தனை வருசம் போகும்? சரி, முட்டையை விடுகிறேன். மிஸ் சொன்னதற்கே என் வோட்டு.

மேல்டிவிஷன் பொடியன்:
எனக்கு இன்னும் அந்த லொறிதான் கண்ணில் நிற்கிறது. அக்கா, நம் மூன்று டிவிஷனிலும் இப்போது பிள்ளைத்தாச்சிகள் எத்தனை பேர்?

பதுளைக்காரி:
அம்மாவிடம் கேட்டேன், பதினொன்று. மாசத்துக்கு ஒரு கிளினிக் நாள். பெருக்கிப் பார்த்துவிட்டு ஆட்டோவுக்கு மிச்சம் இருக்கிறதா சொல்லுங்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:
பெருக்குங்கள். கம்பெனிக்குக் கடிதம் நான் எழுதுகிறேன், பதினொரு பேரும் கையெழுத்துப் போடட்டும்.