வீட்டுப் படிப்பு: ஒரே பாடத்திட்டமா, கலந்துகட்டியா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை அம்மா:

மகளை மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தினோம். இப்போது அவளுக்குப் பதினொரு வயது. தொடங்கிய வருடம், எல்லாப் பாடத்தையும் நாள்வாரியாகப் பிரித்துப் போட்ட முழுப் பாடத்திட்டம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். ஒன்பது மணிக்கு இது, ஒன்பதே முக்காலுக்கு அது. பள்ளிக்கூடத்தையே வீட்டு ஹாலுக்குத் தூக்கி வந்துவிட்டேன் என்பது உறைக்க நான்கு மாதம் ஆனது. ஆங்கில வாசிப்பில் அவள் அந்தத் திட்டத்தைத் தாண்டி ஓடினாள். கணக்கில் பின்னம் வந்தபோது அழுதாள். ஒரே குழந்தைதான், ஆனால் பாடத்துக்குப் பாடம் வேறு வேறு வகுப்பில் இருந்தாள்.

பின்னத்துக்கு வழி கிடைத்தது அட்டாலியில். மாமியார் புழங்கிய பித்தளைப் படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் அங்கே கிடந்தன. இறக்கித் துடைத்து, ஒரு முறம் அரிசியைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். எட்டு ஆழாக்கு கொட்டியதும் படி தலை தட்டி நின்றது. "அப்போ ஒரு ஆழாக்குன்னா எட்டுல ஒண்ணா?" என்றாள். அடுப்படியிலிருந்தே பாட்டி, "அதுக்கு அரைக்கால்னு பேரு சாமி" என்றார். காலில் பாதி அரைக்கால், அதில் பாதி மாகாணி. மறுநாள் நோட்டில் 1/4 + 1/8 என்று எழுதிக் கொடுத்தேன். கால் படி பிடிக்கும் உழக்கையும் ஆழாக்கையும் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தவள், "மூணு ஆழாக்கு" என்று சொல்லி 3/8 என்று எழுதினாள். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு அந்தத் திட்டத்தை மூடி வைத்துவிட்டேன். கணக்குக்குத் தமிழ்நாடு அரசுப் பாடநூல். இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தமிழுக்கு இரவில் நான் சத்தமாக ஒரு கதை வாசிப்பேன், காலையில் அவள் தன் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்வாள். இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் நூறு வருடத்துக்கு முன்பே வலியுறுத்திய முறை இது. கேட்டதைத் தானே கோத்துச் சொல்லும்போது எது மனதில் நின்றது, எது நழுவியது என்று எனக்குத் தனியாகத் தேர்வு வைக்காமலே தெரிந்துவிடுகிறது. அறிவியல் இன்னும் மாடித் தோட்டத்தில்தான் நடக்கிறது.

மதுரை அப்பா:

எங்கள் வீட்டில் இரண்டு பையன்கள். பெரியவனுக்குப் புத்தகம் இருந்தால் போதும். சின்னவனைப் பத்து நிமிடம் உட்கார வைக்க முடியாது. இருவருக்கும் ஒரே முறை என்றால் ஒருவனுக்காவது அநியாயம் செய்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றும். வரலாற்றை மட்டும் சேர்ந்து படிக்கிறோம், அதுவும் போய்ப் பார்த்து. கீழடி அருங்காட்சியகம் 2023இல் திறந்ததிலிருந்து நான்கு தடவை போயிருக்கிறோம். முதல் தடவை சின்னவன் பகடைக்காயை விட்டு நகரவே இல்லை. இரண்டாவது தடவைதான் பானை ஓட்டில் இருந்த தமிழ்ப் பிராமி எழுத்தைக் கவனித்தான். 'ஆதன்' என்று ஒரு ஆளின் பெயர் என்றதும், "அவரு பானைன்னு எழுதி வச்சிருக்காரா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்து உடைந்த பூந்தொட்டிச் சில்லில் ஆணியால் தன் பெயரைப் பிராமியில் கீறினான். தமிழ் எழுத அடம்பிடித்த பிள்ளை அவன். அந்தச் சில்லு இன்னும் ஜன்னலில் இருக்கிறது.

சென்னை அம்மா:

நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும். கலந்துகட்டுகிறேன் என்று ஒரே வருடத்தில் மூன்று கணக்குப் புத்தகம் மாற்றினேன். ஒவ்வொன்றிலும் பாட வரிசை வேறு. முதல் புத்தகத்தில் நீள்வகுத்தல் வருவதற்குள் இரண்டாவதற்குத் தாவினோம். அது ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்கியது. ஆறு மாதம் கழித்து 156ஐ 12ஆல் வகுக்கத் தெரியாமல் பையன் விழித்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. தப்பு என்னுடையது, திட்டு வாங்கியது அவன். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். கணக்குக்கு ஒரு முதுகெலும்புப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். படி, பல்லாங்குழி, வீடியோ எல்லாம் அதன் மேல் வரட்டும்.

திருச்சியிலிருந்து:

எனக்குப் பயம் பத்தாம் வகுப்புதான். இப்படிப் படித்த பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்களா அக்கா?

சென்னை அம்மா:

எழுதுகிறார்கள் தங்கச்சி. என் மூத்தவள் என்.ஐ.ஓ.எஸ். வழியாக எழுதினாள். மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் அது. பதினான்கு வயது முடிந்திருக்க வேண்டும். மொழி ஒன்றையாவது சேர்த்து ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ். நம் முறைக்கு ஒத்துவருவது எதுவென்றால், ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து வருடம் செல்லும், வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கும். அவள் முதலில் தமிழும் மனையியலும் எழுதினாள், கணக்கைக் கடைசியில் வைத்துக்கொண்டாள். ஒன்று மட்டும்: தேர்வுக்கு முந்தைய ஒரு வருடம் கலந்துகட்டுவதைக் குறைத்து, அவர்கள் தரும் புத்தகத்தையும் பழைய வினாத்தாளையும் பிடித்துக்கொண்டோம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பழக்கமே அவளுக்கு இல்லை. வாரம் ஒரு தாள் எழுத வைத்தேன், கை வலி பழக இரண்டு மாதம் பிடித்தது.

கோவை அம்மா:

கை வலி என்பதை இப்போதே குறித்துக்கொண்டேன், நன்றி. இவள் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்கிறாள். நாளையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கதையை எழுதித் தரச் சொல்கிறேன். அரைப் பக்கத்தில் ஆரம்பிக்கலாம்.