புதுப்பிப்பு: அப்பத்தாவின் எலும்பும் துத்தநாகமும்

முந்தைய பதிவைப் படிக்காதவர்களுக்கு: காரைக்குடி வீட்டு வளவில் அப்பத்தா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது, ரத்தத்தில் துத்தநாகம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தது, ஜிங்க் மாத்திரை கொடுத்தால் போதுமா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் உடனே கொடு என்றீர்கள்.

டாக்டரைப் பார்த்தாச்சு. அவர் முதலில் கேட்டது சிஆர்பி (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவைத்தான், அது எகிறிக் கிடக்கிறது. பல வருட முடக்குவாதம் (மூட்டு அழற்சி நோய்) ஆச்சே. அழற்சி இருக்கும்போது உடம்பு துத்தநாகத்தை ரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் இழுத்துக்கொள்ளும், அதனால் ரிப்போர்ட்டில் குறைவாகத் தெரிவதெல்லாம் உண்மையான பற்றாக்குறை ஆகிவிடாது. ஆனால் அதே அழற்சிதான் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிட்டு, கட்டும் செல்களை அடக்கியும் வைக்கிறது, போதாக்குறைக்கு ஸ்டீராய்டு மாத்திரை வேறு. முதல் வேலை வாதத்தை அடக்குவது.

சரி, துத்தநாகம் வேண்டவே வேண்டாமா? வேண்டும். எலும்பில் தாது படிய உதவும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி துத்தநாகம் இல்லாமல் வேலை செய்யாது. அப்பத்தாவுக்கோ மூன்று வேளையும் சோறும் ரசமும்தான். தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாது, மாவு புளித்தால் அந்தப் பைட்டேட் குறையும், எனவே குழிப்பணியாரத்துக்குத் தடையில்லை. கறி, நண்டும் சேர்க்கச் சொன்னார். "இத்தனை மாத்திரைக்கு நண்டே தேவலை ஆத்தா" என்கிறார் அப்பத்தா.

மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பெரியவர்களுக்கு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து போனால் தாமிரச்சத்து இறங்கிவிடும்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அடுத்த மாசம், மதுரையில்.