மறுமொழி: ‘ஆரம்பநிலை இடையீடு’ – வேறு சொல் கிடைக்குமா?

நண்பர்களே,

குறைமாதத்தில் பிறந்தவர்கள் போன்ற பிள்ளைகளின் வளர்ச்சிக்குச் சிறுவயதிலேயே கைகொடுப்பதை ஆங்கிலத்தில் early intervention என்கிறார்கள். அதற்குத் தமிழில் வழங்கும் ‘ஆரம்பநிலை இடையீடு’ பற்றித்தான் பேச்சு.

> ஆரம்பநிலை இடையீடு என்பது அரசு மையங்களின் பெயரிலேயே வந்துவிட்டது. இனி மாற்றுவானேன்?

வந்துவிட்டதுதான். ஆனால் பலகையைப் படிக்கும் தாய்க்கு என்ன புரியும்? ‘ஆரம்பநிலை’ என்றதும் நோயின் ஆரம்பநிலைதான் நினைவுக்கு வரும். ஆரம்பநிலைப் புற்றுநோய் என்கிறோமே, அப்படி. 32 வாரம் நிறையுமுன் பிறந்து, இன்குபேட்டரில் இருந்து வீடு வந்த பிள்ளைக்கு எந்தக் குறையும் தெரிய ஆரம்பித்திருக்க வேண்டியதில்லை. தெரியுமுன்பே கைகொடுப்பதுதான் இங்கே விஷயம்.

‘இடையீடு’ அதைவிடச் சிக்கல். இடையீடின்றி என்றால் தடையில்லாமல் என்று பொருள். அப்படியானால் இது வளர்ச்சிக்குத் தடை போடும் மையமா? ‘தலையீடு’ பற்றிப் பேசவே வேண்டாம், பஞ்சாயத்து வாடை அடிக்கிறது.

> பேசாமல் சிகிச்சை என்றே சொல்லலாமே?

கூடாது என்பேன். அமெரிக்காவில் 1985இல் 8 இடங்களில், 37 வாரத்துக்குள் 2500 கிராமுக்கு மிகாமல் பிறந்த 985 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு ஆள் போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது என்று பெற்றோருக்குக் காட்டிக்கொடுத்தார்கள். ஒரு வயதுக்கு மேல் பிள்ளைகள் மையத்துக்கும் போனார்கள். மூன்று வயதோடு எல்லாம் நின்றது. அந்த வயதில், உதவி பெறாதவர்களைவிட இவர்களின் அறிவுத்திறன் புள்ளிகள் கூடுதல்: 2000 கிராமுக்கு மேல் பிறந்தவர்களுக்குச் சுமார் 13, அதற்குக் கீழே சுமார் 7. அதிகம் தேவைப்பட்டவர்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. 8 வயதில், மொத்தமாகப் பார்த்தால் வேறுபாடு கரைந்துவிட்டது. எடை கூடியவர்களிடம் மட்டும் கொஞ்சம் தங்கியது.

சிகிச்சை என்றால் ‘முடிந்தது, குணமாகிவிட்டது’ என்று எதிர்பார்ப்போம். இது அப்படிப்பட்டதல்ல, கூடவே நடக்க வேண்டியது.

போன வாரம் நான் ‘முந்துதுணை’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முந்திப் பிறந்த பிள்ளையோடு குழம்புகிறது என்று ஒரு நண்பர் சொன்னது சரி. இப்போது என் பரிந்துரை: வளர்துணை. வினைத்தொகை என்பதால் வளர்ந்த, வளர்கிற, வளரும் மூன்றுக்கும் பொருந்தும். பள்ளி வயதிலும் தொடரலாம். சிறுவயதிலேயே தொடங்குவதைக் குறிக்க ‘முன்வளர்துணை’.

> துணை என்றால் இரண்டாம்பட்சம் ஆகிவிடாதா? துணைவேந்தர், துணைத்தேர்வு...

முன்னால் வந்தால்தான் அப்படி. வழித்துணை, பேச்சுத்துணை என்று பின்னால் வரும்போது யாராவது குறைவாக நினைக்கிறோமா?

அப்புறம் இன்னொன்று. 28 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனாலும், வளர்ச்சியை அளக்கும்போது, நிறைமாதத்தில் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணி, மூன்று மாதம் என்றே கணக்கிடுகிறார்கள். அதைத் ‘திருத்திய வயது’ என்கிறோம். ஏதோ பிறப்புச் சான்றிதழில் கைவைத்தது போல இருக்கிறது. ‘நிறைமாத வயது’ என்று சொன்னால் என்ன?