பள்ளி மனநலப் பணிகளின் மதிப்பீடு: நாளந்தா ஆய்வு குறித்து ஓர் ஐயம்

முதுகலைச் சமூகப்பணி மாணவி:
பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 2015இல் தொடங்கிய ‘சேஹர்’ என்ற பள்ளி மனநலத் திட்ட ஆய்வைப் பற்றி ஆய்வேடு எழுதி வருகிறேன். மாநில அரசின் ஒத்துழைப்புடன், கோவாவைச் சேர்ந்த சங்காத் தொண்டு நிறுவனமும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின் ஆய்வாளர்களும் நடத்திய இவ்வாய்வின் முடிவுகள் 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. பள்ளியும் அரசுடையது, அனுமதியும் அரசு தருவது என்னும்போது, மதிப்பீடு கல்வித் துறைக்கு உவப்பான பக்கம் சாய்ந்துவிடாதா?

புள்ளியியல் ஆசிரியர்:
சாய்வதற்கு இடமில்லாதபடி கட்டியிருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தகுதியுள்ள 112 பள்ளிகளிலிருந்து 75 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, பிரிவுக்கு 25 என்று குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பள்ளி பின்னர் விலகியது. மூன்று பிரிவிலும் ஒன்பதாம் வகுப்புக்கு அரசின் ‘தரங்’ வாழ்க்கைத்திறன் வகுப்பு நடந்தது. ஒரு பிரிவில் கூடுதலாக, குறுகிய பயிற்சி பெற்ற வெளி ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கு வந்து, ஆலோசனை, சுவர்ப் பத்திரிகை, குறைகளை எழுதிப் போடும் பெட்டி போன்ற பணிகளை நடத்தினார். இன்னொன்றில் அதே பணிகளைப் பள்ளி ஆசிரியர் ஒருவரே செய்தார். எந்தப் பள்ளிக்கு எது என்பதை அதிகாரியோ தலைமையாசிரியரோ முடிவுசெய்யவில்லை. மாணவர்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் முழுப் பள்ளியை ஓர் அலகாகக் கொண்டதும் சரியே. சுவர்ப் பத்திரிகையை ஒரு பாதி மாணவர் மட்டும் படிக்குமாறு யாராலும் செய்ய முடியாது.

பள்ளி ஆலோசகர்:
முடிவுதான் உங்கள் ஐயத்துக்கு நேரடியான விடை, சகோதரி. வெளி ஆலோசகர் வந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் குறித்த மாணவர் மதிப்பீடு தெளிவாக உயர்ந்தது. மனச்சோர்வு, கேலித் துன்புறுத்தல், வன்முறை ஆகியவை குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில், ‘தரங்’ மட்டும் நடந்த பள்ளிகளோடு ஒப்பிடுகையில், வேறுபாடே தென்படவில்லை. கூடுதல் ஆள் நியமிக்காமல் ஆசிரியரைக் கொண்டே செய்வதுதான் எந்தத் துறைக்கும் செலவு குறைந்த வழி. அந்த வழி பயன் தரவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இதற்காக ஆசிரியர்மேல் பழி போடக் கூடாது. நான் பணிபுரிந்த ஒரு பள்ளியில், மாணவர்கள் குறைகளை எழுதிப் போடும் பெட்டியின் சாவி ஆசிரியர் அறையில் தொங்கியவரை பெட்டி காலியாகவே இருந்தது. சாவி என் கைக்கு வந்த வாரத்தில், நோட்டுத்தாளை நான்காக மடித்து, பெயரில்லாமல், ‘கணக்கு வகுப்பில் அடி விழுகிறது’ என்று ஒரு சீட்டு விழுந்தது. மதிப்பெண் போடுபவரிடமே மனத்தைத் திறந்து சொல் என்றால் பிள்ளை எப்படிச் சொல்லும்?

முதுகலைச் சமூகப்பணி மாணவி:
மிக்க நன்றி. லான்செட் முடிவுகள் எட்டாம் மாதத்தில் அளந்தவை. அதில் கண்ட மாற்றம் புதுமையின் கவர்ச்சியால் வந்ததாக இருக்கலாம் அல்லவா?

புள்ளியியல் ஆசிரியர்:
நியாயமான கேள்வி. 17ஆம் மாதத்தில் மீண்டும் அளந்தார்கள். 2020இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியான அந்த முடிவில் வேறுபாடு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் இவை அனைத்தும் ஆய்வுக்காக அமர்த்திய ஆலோசகரும் ஆய்வுக்கான மேற்பார்வையும் இருந்தபோது கிடைத்தவை. அதே பணி துறையின் சம்பளப் பட்டியலுக்கு மாறி, மேற்பார்வை வட்டாரக் கல்வி அலுவலரிடம் போன பிறகும் வெளி ஆய்வாளர்கள் தொடர்ந்து அளக்க அரசுடனான ஒப்பந்தத்தில் இடமிருக்கிறதா என்பதை உங்கள் ஆய்வேட்டில் தனி அத்தியாயமாகவே கேளுங்கள்.