புதுப்பிப்பு: ரோஜா இதழ் கறுக்காம காய்ஞ்சிடுச்சு

கல்யாண மாலை ரோஜா இதழை மொட்டைமாடி வெயில்ல காயவெச்சா வெளுத்து ஓரம் கறுத்துப்போகுதுன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சுற சின்னச் சின்ன மணிங்க) யோசனைதான். மூடி இறுக்கமான டப்பால ஜெல்லை ஒரு இன்ச் பரப்பி, இதழ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடுக்கி, மேலயும் தூவி மூடிட்டேன், நாலாம் நாள் திறந்தா அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கு, நீல மணியெல்லாம் ஈரத்தை இழுத்து பிங்க் ஆயிருந்துச்சு. அந்த நீலத்துல கோபால்ட் குளோரைடுங்கற நச்சு ரசாயனம் இருக்கு, அதனால சமையல் டப்பா வேணாம்.

எதிர்பாராதது: சிவப்பு நல்லா அடர்ந்து மெரூன் ஆயிடுச்சு, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. வெள்ளை மட்டும் பழுப்பு. சாமந்திக்கு ஜெல்லே தேவைப்படல, நிழல்ல பேப்பர் மேல ஃபேன் காத்துலயே மஞ்சள் மாறாம காய்ஞ்சிடுச்சு.