கலைச்சொல் வேண்டும்: தாய்ப்பலகை மாற்றிய பின் விண்டோஸ் ‘ரீஆக்டிவேட்’

கோவை, மொழிபெயர்ப்பாளர்
நண்பர்களுக்கு வணக்கம். பழைய கணினிகளைச் சரிசெய்து விற்கும் ஒரு கடைக்கு உதவிக் குறிப்பு மொழிபெயர்க்கிறேன். வெள்ளி மாலைக்குள் கொடுக்க வேண்டும். தாய்ப்பலகையை (மதர்போர்டு) மாற்றினால் விண்டோஸ், தான் வேறு கணினியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு உரிமத்தை ஏற்க மறுக்கிறது. 0எக்ஸ்சி004எஃப்211 என்று ஒரு பிழை எண் காட்டுகிறது. அப்போது விண்டோஸிலேயே இருக்கும் கோளாறு தீர்க்கும் கருவியான டிரபிள்ஷூட்டரை ஓட்டி, ‘அண்மையில் வன்பொருளை மாற்றினேன்’ என்பதை அழுத்தி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, பட்டியலில் இந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்தால் ‘ரீஆக்டிவேட்’ ஆகிவிடும். இந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் தமிழ் வேண்டும், பொத்தானில் அடங்குகிற மாதிரி. இப்போதைக்கு ‘மறுசெயலாக்கம்’ என்று போட்டிருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
பிடிக்காதது நியாயமே. செயலாக்கத்தை ‘ப்ராசசிங்’குக்கு ஏற்கெனவே தாரை வார்த்துவிட்டோம். ‘மறு’ என்பதும் உறுத்துகிறது. மறுத்தலும் அதிலே நிற்கும், களங்கமும் நிற்கும். ‘மீள்’ என்றால் முன்னிருந்த நிலைக்குத் திரும்புதல். உரிமம் முன்பு இருந்தது, போயிற்று, மீண்டது. ஆகவே ‘மீளுயிர்ப்பு’. உயிர்ப்பு என்பது மூச்சு. வினையாக ‘மீளுயிர்ப்பி’.

திருச்சி, சர்வீஸ் கடை
புலவர் ஐயா, உயிர்ப்பு என்றால் எங்கள் தெருவில் ஈஸ்டர். அதை விடுங்கள், கணினி சாகவே இல்லையே! உரிமம் இல்லாவிட்டாலும் விண்டோஸ் ஓடும். வலது மூலையில் மங்கலாக ஒரு வாசகம் நிற்கும், செட்டிங்ஸில் வால்பேப்பர் மாற்ற விடாது. அவ்வளவுதான். உயிர்ப்பித்துத் தருகிறேன் என்றால் ‘என் ஃபைல் எல்லாம் போச்சா?’ என்று வாடிக்கையாளர் அழுதுவிடுவார்.

யாழ்ப்பாணம், தகவல் தொழினுட்ப ஆசிரியை
எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் இயங்குதளம் என்பதை எங்கள் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. உங்கள் ஓட்டுநர் உரிமம் இங்கே சாரதி அனுமதிப்பத்திரம். எங்கள் இரசாயனவியலில் ‘ஆக்டிவேஷன் எனர்ஜி’ ஏவற்சக்தி. அந்த வழியில் போனால் ‘மீளேவல்’. சின்னச் சொல், பொத்தானிலும் அடங்கும்.

திருச்சி, சர்வீஸ் கடை
டீச்சர், இங்கே பில்லி, சூனியம், ஏவல் மூன்றும் ஒரே விளம்பரப் பலகையில் வரும். என் கடை வாசலில் ‘மீளேவல் செய்து தரப்படும்’ என்று எழுதினால் வேறு கூட்டம் வரும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
மந்திரவாதிகளுக்கு மட்டுமா ஏவல் சொந்தம்? ஏவல் வினை இலக்கணத்தில் இல்லையா? போ, வா, திற, மூடு. நீங்கள் அழுத்தும் பொத்தான்களில் பாதி ஏவல் வினைமுற்றுதான். அம்மையார் சொல்லை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது.

வந்ததோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செயல்படுத்து என்று இங்கே எல்லோரும் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் செயற்படுத்து என்பார்கள். ‘லள வேற்றுமையில் றடவும்’ என்கிறது நன்னூல். வேற்றுமையானால் லகரம் திரிந்தே தீர வேண்டும். அல்வழியானால் உறழ்ச்சி: கல்குறிது, கற்குறிது என இரண்டும் வரும். ‘செயல்படு’ இரண்டில் எது என்பதைப் பார்க்கவேண்டும். ‘மீள்பதிவு’ திரியாது, அது வினைத்தொகை. ஆனால் மீட்சி...

கோவை, மொழிபெயர்ப்பாளர்
ஐயா, வியாழன் ஆகிவிட்டது.

சென்னை, மென்பொருளாளர்
சொல்லை விட்டுவிட்டு நடப்பதைப் பார்ப்போம். கணினியின் பாகங்களிலிருந்து விண்டோஸ் ஓர் அடையாளத்தை உருவாக்கிக்கொள்கிறது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இலிருந்து, 25 எழுத்து உரிமச் சாவி கையில் இல்லாவிட்டாலும் அந்த அடையாளத்தை வைத்தே மைக்ரோசாஃப்ட் சர்வர் உரிமத்தை ஒப்புக்கொள்ளும். 2016-இல் அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடும் இணைத்தார்கள். ராம் நினைவகத்தை மாற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தாய்ப்பலகை மாறினால் அடையாளமே மாறிவிடும். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய உரிமம் என்றால் கணக்கு வழியாகப் புதிய பலகைக்குக் கொண்டுவரலாம். கணினியோடு வந்த உரிமம் பழைய பலகைக்கே உரியது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து சாவியே பலகைக்குள் பதிந்து வருகிறது. ஆக இங்கே செயல்படுவதும் உயிர்ப்பதும் கணினி இல்லை. உரிமம் இந்தப் பெட்டிக்குத்தான் என்று எங்கோ ஒரு பதிவேட்டில் திருத்துகிறார்கள். ‘உரிமம் பொருத்து’ என்பதே நேரான சொல்.

யாழ்ப்பாணம், தகவல் தொழினுட்ப ஆசிரியை
விளக்கம் நன்று. ஆனால் ‘பொருத்து’ என்றால் என் மாணவர்கள் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள். தாய்ப்பலகையையும் பொருத்து, உரிமத்தையும் பொருத்து என்று ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம்தான்.

திருச்சி, சர்வீஸ் கடை
அதேதான். ‘உரிமம் புதுப்பி’ என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வருடா வருடம் பணம் கட்ட வேண்டுமோ என்று கேட்பார்கள். கடைக்கு வருகிறவர் சொல்வது ‘ஆக்டிவேட் ஆகலண்ணே’. அதையே போட்டால் என்ன குறை?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
குறை ஒன்றுமில்லை. பிறகு இந்தக் குழு எதற்கு?

கோவை, மொழிபெயர்ப்பாளர்
எல்லோருக்கும் நன்றி. தனி மடல்களையும் சேர்த்துப் பார்த்தால், சலிப்போடு பெரும்பாலோர் ஒத்துக்கொள்வது பொத்தானுக்கு ‘மீண்டும் செயல்படுத்து’. ரன், எனேபிள், எக்ஸிக்யூட் எல்லாவற்றுக்கும் இதே சொல்தான் ஓடுகிறது என்பது தெரியும். அதனால் கீழே ஒரு வரி சேர்த்துவிட்டேன்: ‘உரிமம் இந்தக் கணினிக்கு உரியது என்று சரிபார்க்கப்படும்.’ சென்னை நண்பரின் கருத்து அதில் இருக்கிறது. கோப்பை அனுப்பியாயிற்று.

யாழ்ப்பாணம், தகவல் தொழினுட்ப ஆசிரியை
இலங்கைப் பதிப்பு வந்தால் ‘செயற்படுத்து’ என்று மாற்றிவிடுங்கள், தயவுசெய்து. கோப்பில் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்பதற்கு என்ன போட்டீர்கள்? நாங்கள் இலக்கமுறை என்போம்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்
‘எண்ணிம உரிமம்’.

சென்னை, மென்பொருளாளர்
சிங்கப்பூரில் ‘மின்னிலக்க’.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
‘எண்ணிம’த்தில் அந்த ‘இமம்’ எந்த விகுதி? ஞாயிறு விரிவாக எழுதுகிறேன். மீளுயிர்ப்பை நான் இன்னும் கைவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவும்.