காத்தாடி மேலிருந்து பார்த்த பூனைப்பருந்து: ஹென் ஹாரியரா?

கயத்தாறு காத்தாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் மெஷினை நிறுத்த விடமாட்டார்கள். காற்று ஓய்ந்த பிறகுதான் மேலே ஏறும் வேலை. கிரீஸ் அடிப்பது, போல்ட் இறுக்கம் சரிபார்ப்பது, பிளேடில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் ஐப்பசியில் தொடங்கி மாசி வரைக்கும் ஓடும். பூனைப்பருந்துகள் (இங்கிலீஷில் ஹாரியர்) வடக்கேயிருந்து வந்து நம்ம கரிசலில் தங்குவதும் அதே மாதங்கள்தான். மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற பறவையை நான் குனிந்து பார்க்கிறேன். அது ஒரு வசதி, அதுவேதான் இப்போது சிக்கலும்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வேலை முடிந்து மேல்மூடியைத் திறந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே நின்றேன். கீழே உளுந்து எடுத்து முடித்த காடு, அதை ஒட்டி வெள்ளைச்சோளம், அதற்கு அந்தப் பக்கம் கொழுக்கட்டைப்புல் மண்டிய தரிசு. சோளத்துக்கு மேலே ஒரு பூனைப்பருந்து தாழ்வாக வந்தது. முதுகு பழுப்பு. வாலுக்கு மேலே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பட்டை. பட்டை உள்ளவை இங்கே நிறையவே உண்டு, அதற்காக இந்தப் பதிவைப் போடவில்லை. அதே காட்டில் மாண்டேகு ஹாரியர் என்கிற இனத்தின் ஆண் ஒன்றும் பறந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறம், இறக்கையின் நடுவில் குறுக்கே கறுப்புக் கோடு. அது எனக்கு நல்ல பழக்கம். அதன் பக்கத்தில் இந்தப் பழுப்புப் பறவை கனமாகத் தெரிந்தது. இறக்கை நுனியில் விரல் மாதிரிப் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ணினேன், ஐந்து இருந்த மாதிரிதான் பட்டது. திரும்பும்போது கழுத்தைச் சுற்றி வெளிர் நிறத்தில் ஒரு வளையமும் தெரிந்தது.

கீழே நின்ற கூட்டாளி பைனாகுலரில் போனை வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார். இணைத்திருக்கிறேன், சிரிக்கக் கூடாது. பறவைப் பதிவு போடுகிற இபேர்ட் தளத்தில் ஹென் ஹாரியர் என்று போட்டதும் இது இங்கே அரிது, விவரம் எழுது என்று கேட்டது. இப்போதைக்கு ‘பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை’ என்று சேமித்து வைத்திருக்கிறேன். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு முன்னால் தெளிவுபடுத்திக்கொள்ள ஆசை. அடுத்த தடவை எதைப் பார்க்க வேண்டும்?

நெல்லைச் சீமை எழுதியது:

அண்ணாச்சி, படத்தில் தெரிவது பறவையா பாலிதீன் பையா என்றே எனக்குச் சந்தேகம் 😀 ஆனால் விளக்கத்தைப் படித்தால் பாலிட் ஹாரியர் என்று தோன்றுகிறது. பெரியவர்கள் வந்து சொல்லட்டும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கழுத்து வளையம்தான் இதில் முக்கியம். மற்றதை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு அதற்கு வருகிறேன்.

வெள்ளைப் பட்டை உங்களுக்கே தெரியும். ஹென், பாலிட், மாண்டேகு மூன்றிலும் பெட்டைக்கும் குஞ்சுப் பருவத்துக்கும் அது உண்டு. அப்புறம் உருவம். பூனைப்பருந்தில் எப்போதும் பெட்டைதான் பெரிது. மாண்டேகு ஆண் அந்தக் கூட்டத்திலேயே ஒல்லிப்பிச்சான். அதன் பக்கத்தில் எந்தப் பெட்டையும் கனமாகத்தான் தெரியும். கனமாக இருந்தது என்பதை வைத்து ஹென் வரைக்கும் போக முடியாது.

விரல் கணக்கு நல்ல அடையாளம், ஒத்துக்கொள்கிறேன். ஹென்னுக்கு ஐந்து, பாலிட்டுக்கும் மாண்டேகுக்கும் நான்கு. ஆனால் அதைப் படத்தில் நிறுத்தி வைத்துத்தான் எண்ண வேண்டும். இறக்கையை அடித்துக்கொண்டு திரும்புகிற பறவையில் வெறுங்கண்ணால் எண்ணி யாராவது சத்தியம் செய்தால் நான் நம்ப மாட்டேன், அது எந்தப் பெரிய ஆளாக இருந்தாலும் சரி. உங்கள் கூட்டாளி எடுத்த படத்தில் நுனி முழுக்கக் கலங்கிப் போயிருக்கிறது.

இப்போது வளையம். பாலிட் பெட்டைக்கும் இளசுக்கும் கன்னத்தில் கரும்பிறை, அதை ஒட்டி வெளிர் வளையம், அதற்குப் பின்னால் கழுத்தோரம் கறுப்பாக இருக்கும். கறுப்புக்கு நடுவில் மாட்டிக்கொள்வதால் அந்த வெள்ளை தூரத்திலிருந்தே பளிச்சென்று எடுத்துக் காட்டும். மாண்டேகுக்குக் கண்ணைச் சுற்றித்தான் வெள்ளை அதிகம், கழுத்தில் சொல்லும்படி வளையம் கிடையாது. ஹென்னுக்கும் மங்கலாக ஒன்று உண்டு, அதனால்தான் வயிற்றைப் பார்க்கச் சொல்கிறேன். மார்பும் வயிறும் கோடே இல்லாமல் ஒரே சீராகத் துரு நிறத்தில் இருந்தால் பாலிட் அல்லது மாண்டேகு இளசு. அதோடு வளையமும் இருந்தால் பாலிட் என்று துணிந்து எழுதலாம். வெளிர் நிறத்தில் பழுப்புக் கோடுகள் ஓடினால் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், அப்போது விரலுக்குத் திரும்பி வாருங்கள். மேலே நிற்கிற உங்களுக்கு வயிறு தெரியாது. கீழே இருக்கிற கூட்டாளியிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

ஆணைப் பொறுத்தவரை உங்கள் இடத்துக்கு ஈடே கிடையாது. மேலிருந்து பார்த்தால் மாண்டேகு ஆணுக்கு நீங்கள் சொன்ன குறுக்குக் கோடு தெரியும். பாலிட் ஆணுக்கு அந்தக் கோடு இருக்காது. வெளிறிய சாம்பல், இறக்கை நுனியில் மட்டும் ஆப்பு அடித்த மாதிரி ஒடுங்கிய கறுப்பு.

ஹென் ஹாரியர் நம்ம நாட்டில் பனிக்காலத்தைக் கழிப்பது இமயமலையிலும் அதன் அடிவாரத்திலும் வடமேற்குச் சமவெளியிலும்தான். கயத்தாறு வரை வராது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வந்தது என்று எழுத நல்ல படம் இல்லாமல் முடியாது.

இன்னொன்று. நம்ம ஊர்ப் பட்டியலில் ஹென் வந்தால் எல்லோரும் துள்ளிக் குதிப்போம், பாலிட் வந்தால் ‘ஓ, பாலிட்டா’ என்று அடுத்த மரத்தைப் பார்ப்போம். உலகக் கணக்கு நேர்மாறு. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயுசிஎன்னின் பட்டியலில் ஹென்னைக் கவலைக்குரியதாக வைக்கவில்லை. ஆபத்தை நெருங்கும் நிலையில் இருப்பது பாலிட்தான். கசகஸ்தானிலும் தெற்கு ரஷ்யாவிலும் உள்ள ஸ்டெப்பிப் புல்வெளியில் தரையில் கூடு கட்டுகிற பறவை. அந்தப் புல்வெளியையும் உழுகிறார்கள், இங்கே வந்தால் இந்தப் புல்வெளியும் போகிறது. ஆகவே நீங்கள் பார்த்தது பாலிட் என்று முடிவானால் ஏமாற்றம் அடைய வேண்டாம்.

எனக்கு வேறொரு கேள்வி உண்டு. பொழுது சாய்ந்ததும் இவை எங்கே போகின்றன? மரத்தில் அடையாது. உயரமான புல்லுக்குள் தரையில் கூட்டமாகப் படுக்கும். குஜராத்தில் வேளாவதர் புல்வெளியில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்து அடைந்திருக்கின்றன. ஆந்திராவில் கர்நூல் பக்கம் கானமயிலுக்காக ஒதுக்கிய ரோலபாடுவிலும் பெரிய அடைவிடம் இருந்தது. நம்ம மாவட்டத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் தரையில் நிற்பவனுக்குச் சோளத்தட்டை மறைக்கும். 80 மீட்டர் உயரத்தில் நிற்கிற ஆளுக்குத்தான் முடியும்.

மாலைநடை எழுதியது:

அருமையான விளக்கம் சார். ஒரு வேண்டுகோள் மட்டும். அடைவிடம் கிடைத்தால் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். முன்பு எங்கள் பக்கம் ஒரு கண்மாயில் அரிய வாத்து ஒன்று இறங்கிய செய்தி பரவி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரை முழுக்கக் கார். ஒருவர் படம் நன்றாக வரவேண்டும் என்று கல்லை விட்டெறிந்து பறவையை எழுப்பினார். அந்தக் காட்டுக்காரர் இன்றைக்கும் பைனாகுலரோடு யாரைப் பார்த்தாலும் நாயை அவிழ்த்து விடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

கயத்தாறு அண்ணன், அந்தக் காத்தாடியில் பறவைகள் அடிபடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

கயத்தாறு காத்தாடி எழுதியது:

அக்கா, அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. வெயில் ஏறியதும் வட்டம் போட்டு மேலே போகிற கரும்பருந்து மாதிரியானவைதான் மாட்டின. பூனைப்பருந்து இரை தேடும்போது பயிருக்கு ஒன்றிரண்டு ஆள் உயரத்தில்தான் பறக்கும், பிளேடின் கீழ்நுனி அதற்கு வெகு மேலே சுற்றும். அந்த அளவுக்குத் தப்பிக்கிறது. ஆனால் சாயங்காலம் அடைய வரும்போது உயரமாக வருவதையும் பார்த்தேன். அந்த நேரம் எனக்கே கொஞ்சம் பயம்தான்.

சார் சொன்ன இரண்டையும் செய்தேன். கூட்டாளியின் மச்சான் நிக்கான் பி950 வைத்திருக்கிறார், கல்யாண வீட்டுக்கு வந்தவரைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். புதுப் படங்கள் மூன்று இணைத்திருக்கிறேன். இரண்டாவதில் வயிறு துரு நிறம், கோடு கிடையாது. வளையம் நன்றாகத் தெரிகிறது. விரலும் நான்குதான். அதே பறவைதானா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அதே சோளக்காடு, அதே நேரம். பாலிட் இளசு என்று போட்டுவிட்டேன். முதல் நாள் பதிவை அப்படியே இனம் தெரியாததாக விட்டுவிட்டேன், அது சரிதானே?

அப்புறம் அடைவிடம். மெஷின் நிற்கிற நாளாகப் பார்த்து சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு இருட்டும் வரை மேலேயே இருந்தேன். ஐந்தரைக்கு ஒன்று வந்து தரிசுக்கு நடுவில் கட்டாந்தரையில் உட்கார்ந்தது. பிறகு இன்னும் இரண்டு. சூரியன் விழுந்ததும் நாலாபக்கமிருந்தும் வர ஆரம்பித்தன. உட்கார்ந்தவை மறுபடி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொன்றாகக் கொழுக்கட்டைப்புல்லுக்குள் இறங்கின. எழும்பி எழும்பி இறங்குவதால் ஒன்றையே இரண்டு தடவை எண்ணியிருக்கலாம். குறைத்து வைத்தாலும் முப்பதுக்கு மேல். இருட்டில் இனம் பிரிக்க முடியவில்லை. சேற்றுப் பூனைப்பருந்து இரண்டு இருந்ததை மட்டும் உருவத்தை வைத்துச் சொல்வேன்.

கீழே இறங்கியதும் அந்தப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்த பெரியவரிடம் விசாரித்தேன். ‘இது வருசா வருசம் கார்த்திகைக்கு வந்து பங்குனிக்குப் போயிரும், உமக்கு இப்பத்தான் தெரியுமாக்கும்’ என்றார். ஆடு உள்ளே போனால் புல்லுக்குள்ளிருந்து படபடவென்று எழும்புமாம். அதனால் இருட்டிய பிறகு அந்தத் துண்டுக்குள் கிடையை நகர்த்துவதில்லையாம். அவர் நாயும் அவர் சொன்னால் கேட்கும். ஊருக்குள்ளிருந்து வருகிற நாய்கள்தான் பிரச்சினை. போன வருசம் யாரோ புல்லுக்குத் தீ வைத்ததாகவும் சொன்னார்.

ரெவின்யூ கணக்கில் அந்த இடம் தரிசு. தரிசு என்று எழுதியிருந்தால் சோலார் பேனல் போடக் கேட்டு வருபவர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். நான் காற்றாலையில் சம்பளம் வாங்குகிறவன், மின்சாரம் வேண்டாம் என்று பேச எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற இடம் எவ்வளவோ இருக்கும்போது, சரியாக அந்தப் புல்லில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம் என்று தோன்றுகிறது.

தாமிரபரணிக்கரை எழுதியது:

முதல் நாள் பதிவை அப்படியே விட்டது சரி. தெரியாததைத் தெரியாதது என்று எழுதிய பதிவுக்கும் மதிப்பு உண்டு.

முப்பது என்பது சின்ன எண் இல்லை தம்பி. பொங்கல் முடிந்ததும் நானும் வருகிறேன். தரையில் இரண்டு ஆள் வேண்டும், புல்லுக்கு எதிரெதிர்ப் பக்கம், குறைந்தது 200 மீட்டர் தள்ளி. நீங்கள் மேலே. சூரியன் விழ அரை மணி முன்னால் தொடங்கி இருட்டும் வரை, வந்து சேர்வதை மட்டும் எண்ணுவோம். எழும்பிச் சுற்றுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இனம் பிரிப்பதை வெளிச்சம் இருக்கிற முதல் இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை இதையே செய்தால் போதும், இரண்டு மூன்று வருசத்தில் அந்தத் துண்டு நிலத்தைப் பற்றி வனத்துறையிடம் பேசக் கையில் ஒரு தாள் இருக்கும்.

இப்போது யாரும் புல்லுக்குள் போகக் கூடாது. பங்குனியில் எல்லாம் கிளம்பிய பிறகு பெரியவரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம். பறவை கக்கிய உருண்டைகள் காய்ந்து கிடக்கும். உடைத்துப் பார்த்தால் வெட்டுக்கிளிக் காலும் எலி மயிரும் சின்னப் பறவை இறகும் கிடைக்கும். வெட்டுக்கிளிதான் அதிகம் இருக்கும் என்பது என் கணிப்பு. மருந்தடிக்கிற சம்சாரிகளிடம் இந்தப் பறவையைப் பற்றிப் பேச அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

நெல்லைச் சீமை எழுதியது:

நானும் வருகிறேன் அண்ணாச்சி. பைக் இருக்கிறது, பைனாகுலர்தான் இல்லை.

கயத்தாறு காத்தாடி எழுதியது:

வாங்க தம்பி, என்னுடையது ஒன்று கூடுதலாக இருக்கிறது. இடது கண்ணாடியில் கீறல், வலது நன்றாகத் தெரியும். சார், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பெரியவர் ஊரில் இருக்க மாட்டாராம், அதற்கு அடுத்த நாள் வைத்துக்கொள்வோம். எங்கே இறங்க வேண்டும் என்பதைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவருக்கு ஒரு பொட்டலம் வெற்றிலை வாங்கி வந்தால் நல்லது.